யாருக்குப் பதில் சொல்லும் அமைப்பு இது?

போன இதழில் குடிமைச் சமூக அமைப்புகளை, அதாவது அரசையும் கட்சிகளையும் வணிகத்தையும் சாராத தொண்டு நிறுவனங்கள், மக்கள் இயக்கங்கள், சங்கங்கள் போன்றவற்றைப் பற்றிய ஒரு கேள்விக்குச் சில வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களைப் பார்த்தால், சில வரிகளில் முடிகிற விஷயம் இல்லை இது என்று தெரிகிறது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன். கேள்விகளின் நீளத்தைக் குறைத்திருக்கிறேன், கேட்ட தொனியை மாற்றவில்லை.

கேள்வி: வரி வாங்குவது அரசு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர் எல்லாம் அதன் கடமை. பிறகு இந்த அமைப்புகளுக்கு என்ன வேலை? அரசு செய்யாமல் விட்டதை இவர்கள் செய்து, அரசைத் தப்பிக்க விடுவதுதானே நடக்கிறது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அப்படி அரசைத் தப்பிக்க விடுகிற அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் அரசால் எளிதில் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. ஒரு சேவை மக்களிடம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா, சேரவில்லை என்றால் ஏன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, கிடைத்த பதிலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதுதான் அந்த வேலை. ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வங்கதேசம் விடுதலை பெற்றபின் 1972-இல் ஃபஸ்லே ஹசன் அபேத் தொடங்கிய அமைப்பு பிராக். போரில் எல்லாம் இழந்து திரும்பிய அகதிகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதில் ஆரம்பித்தது. அப்போது அங்கே குழந்தைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது வயிற்றுப்போக்கு. அதற்கான மருந்து என்னவென்று டாக்காவின் காலரா ஆய்வுக்கூடம் 1960-களின் கடைசியிலேயே காட்டிவிட்டது: உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீர். அறிவியல் தயாராக இருந்தது. ஆனால் குழந்தை இரவு இரண்டு மணிக்குத் துவண்டு விழுகிற வீட்டில் அந்த அறிவு இல்லை. பொட்டலங்களாகத் தயாரித்து நாடு முழுக்க அனுப்ப அரசிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை.

பிராக் என்ன செய்தது? மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர், இதை ஒவ்வொரு தாயும் தன் கையாலேயே கலக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது. 1980 முதல் பத்து ஆண்டுகளில் பெண் ஊழியர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போனார்கள். சரி, இதுவரை பெரிய அமைப்புகள் எல்லாம் செய்கிற வேலைதான். எனக்கு முக்கியமாகப் படுவது ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்த விதம். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போவார், அந்தத் தாய்க்கு என்னென்ன நினைவிருக்கிறது என்று கேட்பார், கரைசலைக் கலக்கச் சொல்லி அதன் மாதிரியை எடுத்துப்போய் உப்பின் அளவைச் சோதிப்பார்கள். தாய்க்கு எவ்வளவு நினைவிருந்ததோ அதற்கு ஏற்ப ஊழியருக்குக் கூலி. அதாவது அந்த ஊழியரின் வேலைக்கு மதிப்பெண் போட்டவர் கிராமத்துத் தாய்.

அப்படிக் கேட்டதால்தான் இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. தாய்மார்களுக்குப் பாடம் நன்றாக நினைவிருந்தது, ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று தேடிப் போனால், கற்றுக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரைதான் சாப்பிட்டார்கள். வீட்டில் முடிவெடுக்கும் ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. பிறகு ஊழியர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய்க் கண்முன்னே காட்டினார்கள், ஆண்களுக்குத் தனியாகக் கூட்டம் போட்டார்கள், பயன்பாடு ஏறியது. இன்று உலகத்திலேயே இந்தக் கரைசலை அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்று வங்கதேசம்.

ஒரு அமைப்பை எதை வைத்து நல்லது என்கிறேன் என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன். யாருக்காக வேலை செய்கிறதோ அவர்களுடைய பதில், அமைப்பின் சம்பளத்தையும் திட்டத்தையும் மாற்றும் அளவுக்கு எடை உள்ளதாக இருக்க வேண்டும். அது இல்லாத அமைப்பு எவ்வளவு பெரிய கட்டடம் கட்டினாலும் உங்கள் பயம் அதற்குப் பொருந்தும்.

கேள்வி: சேவை செய்யட்டும், வரவேற்கிறேன். ஆனால் நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் என்று போவது எதற்கு? அது அரசியல் இல்லையா?

பதில்: அரசியல்தான். கட்சி அரசியல் இல்லை, அவ்வளவுதான். சேவை ஒரு பக்கம், போராட்டம் ஒரு பக்கம் என்று கோடு போடுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கோடு தெரியாது.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்வோம். கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றுவதை நெவிரபின் என்ற மருந்து பெருமளவு தடுத்தது. அதைத் தயாரித்த நிறுவனமே ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகத் தருவதாகச் சொன்னது. ஆனால் அரசோ ஒவ்வொரு மாகாணத்திலும் ஓரிரு சோதனை மையங்களில் மட்டும் கொடுப்போம் என்றது. மற்ற ஊர்களில் பிரசவிக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? 1998-இல் தொடங்கிய சிகிச்சைக்கான செயல்பாட்டு இயக்கம் இரண்டு வழியிலும் போனது. ஒரு பக்கம், பள்ளிப்படிப்பை முடிக்காத நோயாளிகளுக்குக்கூட இந்த வைரஸ் உடம்பில் என்ன செய்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பு எடுத்தது. இன்னொரு பக்கம் வழக்குத் தொடுத்தது. 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம், மருத்துவத் தேவை இருக்கும் இடங்களில் பொது மருத்துவமனைகள் அந்த மருந்தைக் கொடுக்க வழிசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான ஸாக்கி அக்மத் தானே எச்ஐவி உள்ளவர். பொது மருத்துவமனையில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை நானும் மருந்து எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று பல ஆண்டுகள் மறுத்தவர். இன்று உலகத்தின் மிகப் பெரிய எச்ஐவி சிகிச்சைத் திட்டத்தை நடத்துவது அதே நாட்டின் அரசு.

அந்த இயக்கம் வகுப்பு மட்டும் எடுத்திருந்தால் தாய்மார்களுக்கு நோயைப் பற்றித் தெரிந்திருக்கும், மருந்து கிடைத்திருக்காது. வழக்கு மட்டும் போட்டிருந்தால் தீர்ப்பு தாளில் இருந்திருக்கும், அதை ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் போய்க் கேட்க ஆள் இருந்திருக்காது. தெரிந்தவர்கள் கேட்டார்கள், அதனால் நடந்தது. முதல் கேள்வியைக் கேட்டவருக்கும் இதில் பதில் இருக்கிறது. அரசைத் தப்பிக்க விடாமல் அதன் கடமையை அதன் கையாலேயே செய்ய வைப்பதுதான் இந்த அமைப்புகள் செய்யக்கூடிய பெரிய காரியம்.

கேள்வி: நான் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு ஏழைகளுக்குப் போகிறது, எவ்வளவு அலுவலகச் செலவுக்குப் போகிறது என்று பார்த்துத்தான் நன்கொடை கொடுக்கிறேன். சரிதானே?

பதில்: பாருங்கள், தவறில்லை. அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கணக்கர் இல்லாத அமைப்பில் கணக்கு ஒழுங்காக இருக்காது. பயிற்சிக்குச் செலவு செய்யாத அமைப்பின் ஊழியர், கற்றுக்கொடுக்க வேண்டியதைத் தானே சரியாகத் தெரிந்துகொள்ளாமல் போய்க் கற்றுக்கொடுப்பார். பிராக் ஊழியர்களைப் பின்தொடர்ந்து போய் வீடுகளில் சோதித்தவரின் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? நிர்வாகச் செலவு என்றுதான். அந்தச் செலவு இல்லையென்றால் மேலே சொன்ன எதுவும் நடந்திருக்காது. நன்கொடையாளர்கள் இந்தச் சதவீதத்தைக் குறை, குறை என்று நெருக்கும்போது நேர்மையான அமைப்பு ஊழியர் சம்பளத்தில் கை வைக்கிறது, நேர்மையற்றது அதே செலவை வேறு தலைப்பில் எழுதிக்கொள்கிறது. இரண்டிலும் உங்களுக்கு லாபம் இல்லை.

அதைவிட நல்ல கேள்விகளைக் கேளுங்கள். போன ஆண்டு எந்தத் திட்டம் தோற்றது, அதிலிருந்து எதை மாற்றினீர்கள்? உங்கள் உதவி பெறுபவர்கள் குறை சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்வார்கள்? தணிக்கை அறிக்கையைக் காட்ட முடியுமா? நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? முதல் கேள்விக்கு எல்லாமே வெற்றிதான் என்று பதில் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இந்த வேலையில் எல்லாமே வெற்றி என்பது நடக்காத காரியம்.

கேள்வி: வெளிநாட்டுப் பணம் வந்தாலே அது யாருடைய திட்டமோ என்று தோன்றுகிறது.

பதில்: பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, வேலையை முடிவு செய்வது யார் என்பதைப் பாருங்கள். உள்நாட்டுப் பணக்காரர் ஒருவர் கொடுத்தாலும் அதே ஆபத்து உண்டு. பள்ளிக்குக் கழிப்பறை வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தன் பெயர் பொறித்த வளைவு வேண்டும் என்று கேட்கும் நன்கொடையாளரின் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் என்ன?

ஆனால் உங்கள் கவலைக்குக் கரீபியன் தீவு நாடான ஹைத்தி ஒரு பெரிய சாட்சி, அதையும் மறைக்கக் கூடாது. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே உலகம் முழுவதிலிருந்தும் நிதி குவிந்தது. அவசர நிவாரணத்துக்கு வெளிநாட்டு அரசுகள் கொடுத்த நிதியில் ஹைத்தி அரசின் கைக்குப் போனது சுமார் ஒரு சதவீதம்தான். அங்கே வேரூன்றி இருந்த உள்ளூர் அமைப்புகளுக்குக் கிடைத்தது அதைவிடவும் சொற்பம். நிவாரண ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் ஐ.நா. வளாகத்துக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. கிரியோலும் பிரெஞ்சும் பேசும் ஊரில், தங்கள் தெருவில் என்ன இடிந்தது என்று தெரிந்தவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றார்கள். உயிர்கள் காப்பாற்றப்பட்டன, அதை மறுக்கவில்லை. ஆனால் நிவாரணத்துக்கு வந்தவர்கள் போன பிறகு அந்த அரசு முன்பைவிடப் பலமாக நிற்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2016-இல் இஸ்தான்புல் மனிதநேய உச்சிமாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் ஒரு வாக்குக் கொடுத்தன: 2020-க்குள் நிவாரண நிதியில் குறைந்தது 25 சதவீதம் கூடியவரை நேரடியாக அந்தந்த நாட்டு, உள்ளூர் அமைப்புகளுக்குப் போகும் என்று. கெடு முடிந்தது, இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. உள்ளூர்க்காரரை நம்ப மாட்டோம், ஆனால் வேலையை மட்டும் அவர் செய்யட்டும் என்கிற மனநிலை பல பெரிய அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது.

கேள்வி: இத்தனை ஆண்டுகளாக இத்தனை அமைப்புகள். வறுமை போய்விட்டதா? சிறுகடன் கொடுத்தார்கள், என்ன ஆனது?

பதில்: சிறுகடனை, அதாவது ஏழைகள் சிறு தொழில் செய்யக் கொடுக்கும் சின்னக் கடனைப் பற்றி ஒரு காலத்தில் மிகையாகப் பேசினார்கள், உண்மை. 2015-இல் ஆறு நாடுகளின் ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தபோது, சிறுகடன் சிலருக்குத் தொழிலைக் கொஞ்சம் விரிவாக்க உதவுகிறது, ஆனால் சராசரியாகக் குடும்ப வருமானத்தைத் தூக்கி நிறுத்தவில்லை என்று தெரிந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சிறுகடன் கொடுத்துக்கொண்டிருந்த அதே பிராக், மிக மிக ஏழைகள் கடன் குழுக்களுக்குள் வரவே இல்லை என்பதைக் கவனித்திருந்தது. கடன் கேட்கவே பயப்படும் பெண்ணுக்குக் கடன் எப்படி உதவும்? 2002-இல் வேறு மாதிரி முயன்றார்கள். கடனுக்குப் பதில் ஆடோ மாடோ கோழியோ இலவசமாக, அதை வளர்க்கப் பயிற்சி, அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம், சேமிப்பு, இரண்டு ஆண்டுகள் வாராவாரம் வந்து பார்த்துப் பேசும் ஒரு ஆள். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் வேறு அமைப்புகள் இதே வழியைச் செய்து பார்த்ததன் முடிவும் 2015-இல்தான் வந்தது. உதவி நின்று ஒரு வருடம் ஆன பிறகும் அந்தக் குடும்பங்களின் சாப்பாடும் சொத்தும் முன்பைவிட மேலாகவே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் சறுக்கியது. அங்கே கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போனதும் ஒரு காரணம்.

வறுமை போய்விட்டதா என்றால், இல்லை. எந்த அமைப்பாலும் தனியாக அதைப் போக்க முடியாது, அதற்கு வேலையும் கூலியும் நிலமும் வரியும் சம்பந்தப்பட்ட முடிவுகள் வேண்டும். ஆனால் அரசு பெரிதாகச் செய்வதற்கு முன் எது வேலை செய்கிறது என்று சிறிதாகச் செய்து பார்க்க ஒரு இடம் வேண்டாமா? வராதவர்கள் யார் என்று கவனிக்க ஒருவர் வேண்டாமா?

கேள்வி: மக்கள் அமைப்பாகச் சேர்ந்தாலே நல்லதுதான் என்கிறீர்களா?

பதில்: இல்லவே இல்லை. ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியில் சங்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. பாட்டுச் சங்கம், விளையாட்டுக் கழகம், விவசாயிகள் சங்கம், முன்னாள் படைவீரர் சங்கம் என்று ஊருக்கு ஊர் இருந்தன. நாஜிகள் அவற்றுக்குள் புகுந்து, அவற்றின் வழியாகவே வீடுகளுக்குள் போனார்கள். தன் சாதிக்கு, தன் மதத்துக்கு மட்டும் என்று கூடி அடுத்தவரை வெளியே தள்ளும் கூட்டமும் பதிவு எண் வாங்கிக்கொண்டு சேவை அமைப்பு என்று பெயர்ப்பலகை மாட்டலாம். உள்ளே யாருக்கு இடம் இல்லை என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: நண்பர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பொதுவாகப் பதிவு தேவையில்லை. வெளியாரிடம் பணம் வாங்கப் போகிறீர்கள், இடம் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள், ஆளுக்குச் சம்பளம் தரப்போகிறீர்கள் என்றால் பதிவு செய்துகொள்வது நல்லது. சங்கமா, அறக்கட்டளையா, லாபநோக்கற்ற நிறுவனமா என்பதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆனால் பதிவுக்கு முன்னாலேயே மூன்றைச் செய்துவிடலாம்: கூட்டக் குறிப்பேடு, இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு, அப்புறம், தொடங்கியவரையே வெளியே அனுப்ப ஒரு விதி. மூன்றாவதைப் பேசச் சங்கடமாக இருக்கும். நட்பு நன்றாக இருக்கும் இப்போதே பேசி எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் களப்பணியாளர். காலையிலிருந்து இரவு வரை படிவம் நிரப்புகிறேன். நன்கொடையாளர் கேட்பது ஒன்று, மக்கள் கேட்பது வேறொன்று. பயிற்சியில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று எண்ணுகிறோம், அதனால் என்ன மாறியது என்று யாரும் கேட்பதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

பதில்: விட்டுவிடாதீர்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்கு எளிது, அதனால் அதைச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுதான் இன்றைக்கு வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் பாதித்தது. கேள்வி கேட்கும் உரிமை பணம் கொடுப்பவரிடம் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் பாரம் உங்கள் தோளில் இருக்கிறது.

ராஜஸ்தானில் 1990-இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன், பெரிய நிதி நிறுவனங்களிடம் மானியம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்த அமைப்பு. கூலித் தொழிலாளிகளும் சிறு விவசாயிகளும், முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரியான அருணா ராயும் அவருடைய தோழர்களும் சேர்ந்தது. குறைந்தபட்சக் கூலி ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டு, கூலிப் பட்டியலைக் காட்டுங்கள் என்றார்கள். 1994 முதல் ஊர்ப் பொதுவிசாரணைகள் நடத்தினார்கள். அரசுப் பணிகளின் பட்டியல்களையும் ரசீதுகளையும் ஊர் நடுவே சத்தமாக வாசிப்பார்கள். இறந்துபோனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தன் பெயரில் எழுதியிருக்கும் கூலி தன் கைக்கு வந்ததா என்று சொல்ல எழுத்து எதற்கு? அந்த வாசிப்பும் அதைத் தொடர்ந்த போராட்டங்களும்தான் 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு முக்கியமான வேர்.

அரசைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியை நம் அமைப்பைப் பார்த்தும் கேட்க மக்களுக்கு வழி வேண்டும். உங்கள் நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள்: இந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே, அங்கே பேசும் மொழியில், வாசிக்க அனுமதி தருவார்களா? முழுக் கணக்குக்கு மறுத்தால் உங்கள் பகுதிக்கான ஒரு பக்கத்தை மட்டுமாவது. முதல் கூட்டத்தில் யாரும் வாய் திறக்காமல் போகலாம். அடுத்ததில் யாராவது ஒருவர், இவ்வளவு பணத்தில் எங்களுக்கு எதற்கு இந்தப் பயிற்சி, எங்களுக்கு வேண்டியது வேறு என்று கேட்கலாம். அதைச் சமாளித்துப் பதில் சொல்ல முயலாதீர்கள். அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, அவருக்குச் சிக்கல் வராமல் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் நிரப்பும் அந்த அறிக்கையோடு இணைத்து மேலே அனுப்புங்கள். ஒவ்வொரு மாதமும் அனுப்புங்கள். நன்கொடையாளர்களிலும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அலுவலகம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால், வேலையை விடுவதா வேண்டாமா என்பதற்கு அப்போது உங்களிடமே பதில் இருக்கும்.